மூன்றாவது சிலிண்டர்

12-10-2004, செவ்வாய்

மறுபடியும் எஞ்சினில் மிஸ்ஸிங். கோம்பையில் கிளம்பும்போது ஒன்றுமில்லை. தேவாரம் தாண்டி எஞ்சின் சூடேறியதும் ஆரம்பித்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து நடக்கையில் ஒருவன் மட்டும் நொண்டுகிற மாதிரி சத்தம். தக்காளியும் கத்தரிக்காயும்தான் லோடு. அதற்கே போடிமெட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

திரும்பும்போது போடியில் சுந்தரலிங்கத்தின் பட்டறையில் விட்டேன். பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றினான். மூன்றாவது பிளக்குக்குப் போகும் ஒயர் கருகிக் கிடந்தது. அதையும் புதிதாகப் போட்டான்.

"பழைய பெட்ரோல் எஞ்சின்ணே, அப்படித்தான். இப்ப பூ மாதிரி ஓடும் பாருங்க."

ஓடியது.

ஒச்சாண்டி அண்ணனின் வண்டி இது, பழைய பிக்கப். அவர் போனபிறகு ஷெட்டில் சும்மா நின்றதை ஆடி மாதம்தான் எடுத்தேன். அண்ணன் மனைவி மாயக்காள் மதினிதான் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

21-10-2004, வியாழன்

மழை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன். தலைவலி. புது ஒயர் போட்டும் மிஸ்ஸிங் திரும்பிவிட்டது.

25-10-2004, திங்கள்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

மெட்டு ஏறிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல்தான், ஆனால் மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. பக்கத்துச் சீட்டில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். அண்ணனுடைய இருமல். திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ரோட்டைப் பார்த்தால் கண்ணோரத்தில் மடித்துக்கட்டிய வேட்டியும் ஒரு முழங்காலும் தெரிகிறது.

பயமே வரவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. இதமாக, தூக்கம் சொக்குகிற மாதிரி இருந்தது. "பொன்னு" என்று என்னைக் கூப்பிட்டார். "எறங்குடா" என்றாரா, "எறக்குடா" என்றாரா, சரியாகக் கேட்கவில்லை.

உச்சியில் டீக்கடை முன்னால் இறங்கினேன். குளிர்காற்று முகத்தில் அடித்ததும் எல்லாம் போய்விட்டது. திரும்பிப் போய்க் கதவைத் திறந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

எறங்கு என்றுதான் சொல்லியிருப்பார். அவர் வண்டியை நான் எடுத்தது பிடிக்கவில்லையோ?

29-10-2004, வெள்ளி

வண்டியை ராத்திரி பட்டறையில் போட்டுவிட்டு வந்து காலையில் போனேன். குளிர்ந்த எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்கிறான் சுந்தரலிங்கம். மிஸ்ஸிங் தெரியாமல் இருக்க கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறானாம்.

மற்றதை அவனிடம் சொல்லவில்லை.

3-11-2004, புதன்

வீட்டுக்காரி உமாதேவிக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்தில் அண்ணனோடு பேசினேனாம். குறி சொல்லும் கோடாங்கியிடம் இழுத்துப் போனாள். உடுக்கை அடித்துவிட்டு அந்த ஆள் சொன்னது: "செத்தவன் இன்னும் வண்டிய விட்டு எறங்கல."

 என்னை எறங்கு என்கிறார், அவர் எறங்கல...

போன கார்த்திகையில் இதே மாதிரி மழைநாளில், தேவாரம் பக்கம் வேலியை உடைத்துக்கொண்டு வண்டி தென்னந்தோப்புக்குள் இறங்கியது. அண்ணனுக்கு மண்டையில் அடி. பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை. ஒச்சாண்டி குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. முன்பு குடித்தவர்தான். மதினி மட்டும் இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் நின்று, "அவுக அன்னிக்கு ஒரு சொட்டுத் தொடல" என்று கத்தினார்.  எல்லாரையும் போல நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

8-11-2004, திங்கள்



தீபாவளித் துணி எடுக்க உமாவையும் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் புறப்பட்டேன். நல்ல மழை, கண்ணாடி இரண்டும் ஏற்றி இருந்தது. தேவாரம் வரை பேசிக்கொண்டு வந்தாள். அப்புறம் பேச்சு நின்றது. மிஸ்ஸிங் ஆரம்பித்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உமாவின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது.

எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை! பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். அப்போது காதுக்குள் சத்தமாகக் கேட்டது: "எறக்குடா!"

பிரேக்கை மிதித்தேன். நடுவில் யாருமில்லை. அவள் தலை கண்ணாடியில் போய் முட்டியது. அப்பவும் முழிக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் மழையிலேயே போட்டேன். உமா, உமா, எந்திரிடி... எத்தனை தடவை கூப்பிட்டேனோ. கடைசியில் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

"தலை வெடிக்குதுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த வண்டியில இனி ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது."

பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டினேன். வெறும் வயிற்றில் வந்த மயக்கம் என்கிறார். இல்லை. அவள் நாலு இட்லி சாப்பிட்டுத்தான் கிளம்பினாள்.

9-11-2004, செவ்வாய்

சுந்தரலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். "நானே கூட வர்றேண்ணே. உங்க அண்ணன எனக்கும் காட்டுங்க."

ரோட்டோரத்தில் விட்டிருந்த வண்டியை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறினோம். மழை விடவில்லை. முதலில் வாய் ஓயாமல் பேசினான். பாதி மலையில் பேச்சு குறைந்தது. பிறகு மெல்லக் கேட்டான்:

"அண்ணே, பின்னாடி யாரு தட்டுறது?"

பின்னால் வெறும் பாடி. லோடு இல்லை, ஆள் இல்லை.

"நிப்பாட்டுங்க... நிப்பாட்டுங்கண்ணே!"

இறங்கி ஓரச்சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வெகுநேரம் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏறுன ஆளுக்கெல்லாம் தலைவலி, ஏறுன ஆளுக்கெல்லாம் வாந்தி. இது பேய் இல்லண்ணே. எஞ்சின ஆஃப் பண்ணாதீங்க."

பானெட்டைத் திறந்து, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். முதலாவதைப் பிடுங்கியதும் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதுக்கும் அப்படியே. நாலாவதுக்கும். மூன்றாவதைப் பிடுங்கினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. போன மாதம்தான் போட்ட ஒயர், அதே இடத்தில் கருகிப்போயிருந்தது.

ஒரு துண்டுப் பேப்பரைக் கிழித்து, புகை போகும் மேனிஃபோல்டு இரும்பின் ஓரமாகப் பிடித்தான். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் பேப்பர் படபடவென்று அடித்தது. மயிரிழை மாதிரி ஒரு விரிசல். எஞ்சின் சூடானால் திறக்கும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். அதில் வரும் அனல்தான் ஒயரைக் கருக்கியிருக்கிறது. மிஸ்ஸிங் அதனால். புகையோ, கிளட்ச் பெடலுக்கு மேல் ரப்பர் விழுந்துபோன ஓட்டை வழியாக நேரே உள்ளே வந்திருக்கிறது. மழை தொடங்கும்வரை கண்ணாடி திறந்திருந்ததால் தப்பித்தேன்.

"இந்தப் புகையில இருக்குற வெசத்துக்கு வாசம் தெரியாதுண்ணே. மூளைய மயக்கும். இல்லாததெல்லாம் தெரியும். அப்புறம் தூக்கம்தான்." கார்புரேட்டரைத் தட்டிக் காட்டினான். "பெட்ரோல வேற கூட்டி வச்சிருக்கேன் பாருங்க. வெசத்தக் கூட்டி வச்ச மாதிரில்ல ஆயிருச்சு."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இது எப்ப விட்ட விரிசல்?"

விளிம்பை நகத்தால் சுரண்டினான். கருப்பாகப் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது.

"புதுசு இல்லண்ணே. வருஷத்துக்கு மேல இருக்கும்."

இரண்டு பேரும் மழையில் நின்றோம். எஞ்சின் நொண்டிக்கொண்டே ஓடியது.

15-11-2004, திங்கள்

மேனிஃபோல்டு மாற்றியாயிற்று. ஓட்டையை அடைத்தாயிற்று. சத்தம் சீராக இருக்கிறது. பக்கத்தில் யாருமில்லை.

மதினியிடம் எப்படிச் சொல்வது?

18-11-2004, வியாழன்

சொல்லிவிட்டேன். மதினி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விரிசல், புகை, உமா மயங்கியது, நான் பார்த்தது, எல்லாம் சொன்னேன். அண்ணன் அன்று குடிக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"ஒனக்கு அவுக தெரிஞ்சாகளா?"

"ஆமா மதினி."

"அவுகளுக்கு முத்துவீரன் தெரிஞ்சான்."

எனக்குப் புரியவில்லை. முத்துவீரன் அவர்களுடைய மூத்த பையன். நாலு வயதில் காய்ச்சலில் போனவன்.

"கடைசி வாரம் பூரா அதேதான் பேச்சு தம்பி. மெட்டுல ஏறுறப்ப பய பக்கத்துல வந்து உக்காந்துக்கிறான், கதை கேக்குறான்னு சொன்னாக. ஊரு முன்னால தொடலன்னு கத்துனேனே, எம் மனசுக்குள்ள நானும் நம்பலப்பா. திரும்பவும் ஆரம்பிச்சிட்டாக, அதான் ஒளறுறாகன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலையில மூஞ்சி குடுத்துக்கூடப் பேசல."

 கடலைத் தொலி காற்றில் முற்றமெங்கும் பறந்தது.

மதினி கேட்டார்: "பயந்திருப்பாகளா?"

"இல்ல மதினி. பயமே வராது. எனக்குத் தெரியும்."

"அப்ப அவுக தனியாப் போகல" என்றார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

5-12-2004, ஞாயிறு

அண்ணனுக்கு முதல் தெவசம். எதிர்பார்த்ததைவிட ஆட்கள் வந்தார்கள். விரிசலைப் பற்றிச் சுந்தரலிங்கம் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான் போல. படையலுக்கு மதினி இரண்டு இலை போட்டார். பெரிய இலையில் கறிக்குழம்பு. பக்கத்தில் கிழித்த சின்ன இலையில் காரம் போடாத பருப்புச் சோறு, நன்றாகக் குழையப் பிசைந்து வைத்திருந்தார்.