மூன்றாவது நாவல்

இராஜபாளையம்,
மாசி 9.

என்றும் என் நலம் நாடும் நண்பர் அகமது கபீர் அவர்களுக்குச் சீனிச்சாமி வணக்கத்துடன் எழுதுவது.

பெருமாள் திருவருளால் இங்கு அனைவரும் நலமாக இருக்கிறோம். கோயம்புத்தூர்க் குளிர் தங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? மகள் ஃபஸீலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

புரட்டாசியில் தாங்கள் அனுப்பிய மூன்று நாவல்களைப் பற்றிய என் எண்ணங்களை முதலில் எழுதிவிடுகிறேன். பாசுரங்களும் காவியங்களும் ஓதிப் பழகிய எனக்கு வாய்விட்டுப் படிக்காமல் எதுவும் மனத்தில் ஏறாது. ஆகவே முதல் நாவலையும், பாசுரப் புத்தகம் தாங்கும் சிக்குப்பலகையில் விரித்து வைத்து உரக்கவே தொடங்கினேன். காப்புச் செய்யுள் இல்லை, நாட்டு வளம் இல்லை. பேருந்து நிலையக் கழிப்பறையில் கதை தொடங்குகிறது. நான்காம் பக்கத்தில் ஒரு வசைச்சொல்லில் நான் திக்கி நிற்க, அடுக்களையில் இருந்த என் இல்லாள் பெத்தம்மாள், ஏன் நிறுத்திட்டீக, அதையும் ராகத்தோட சொல்லுங்க என்று சிரித்தாள்.

இரண்டாம் நாவலில் நல்லவர் யார், தீயவர் யார் என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. குறை என்றே எண்ணினேன். பிறகு, ஒவ்வொருவரையும் நானே சீர்தூக்க நேர்ந்ததில் என் மனத்து அழுக்குகள் சில எனக்குத் தெரியவந்தன. இதைப் பெரிய வரவாகவே கொள்கிறேன்.

மூன்றாவதைப் பற்றி எழுதத்தான் அச்சமாக இருக்கிறது. அதன் நாயகர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரின் ஒவ்வொரு கதவையும் அறிந்தவர், தம் வீட்டுக் கதவைத் தேடுகிறார். காவியத்தில் துயரம் நேர்ந்தால் மலையும் மரமும் உடன் அழும். இங்கே ஒரு மனிதர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்கிறார், அவ்வளவே. இரங்கி ஒரு சொல் இல்லை. அந்த வறண்ட வரிகளில் நான் என்னைக் கண்டேன்.

மார்கழியில் நடந்ததைத் தங்களிடம் மறைத்தேன். எங்கள் பஜனை மடத்துக் கோஷ்டியில் நாற்பதாண்டாக அடி எடுத்துக் கொடுப்பவன் நான். ஒருநாள் காலை ஐந்தாம் பாசுரத்தின் நடுவிலிருந்து பதினெட்டாவதுக்குத் தாவிவிட்டேன். இருபது பேரும் என்னோடு தாவினார்கள். பிரசாதம் வாங்கும்போது மிருதங்கம் வாசிக்கும் சமுத்திரம், பெரியவுக பாட்ட மாத்துனா அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்லா, அதான் பின்னாலேயே வந்துட்டோம் என்று பணிவோடு சொன்னான். காரணம் உண்டு என்பதுபோல் நானும் தலையசைத்தேன்.

தையில், சீவில்லிபுத்தூரில் தாயாரைச் சேவித்துவிட்டு வீடு திரும்பப் பேருந்து ஏறினேன். இராஜபாளையம் என்று சீட்டுக் கேட்டபோது, பெரியவரே, இது மதுர வண்டில்லா, கிருஷ்ணன்கோவில்ல எறங்கி எதுத்தாப்புல நில்லுங்க என்றார் நடத்துனர். அங்கே கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்புறம் எது என்று எனக்கு விளங்கவில்லை, கபீர். நெடுநேரம் வெயிலில் நின்றேன். பிறகு ஒரு மாணவி கைபிடித்துச் சாலையைக் கடத்திவிட்டாள். தாமதம் ஏன் என்று பெத்தம்மாள் கேட்டதற்கு, மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி சன்னதியில் அமர்ந்துவிட்டதாகச் சொன்னேன். ஒங்களுக்குச் சிவன் எப்பேர்ந்து சொந்தக்காரரானாரு என்று கேலி செய்தாள். பெருமாளின் அடியவன், ஈசன் பெயரால் பொய் சொன்னேன்.

இவற்றையெல்லாம் முதுமையின் அசதி என்று தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை வரை.

எந்த நூலை ஓதி முடித்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் நாள் குறித்து வைப்பது என் வழக்கம். நேற்று மூன்றாவது நாவல் முடிந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது: ஐப்பசி 12, நிறைவு. என் கையெழுத்துத்தான். முன்பே முழுவதும் படித்திருக்கிறேன். ஒரு வரி, ஒரு பெயர்கூட நினைவில் இல்லை. புது நூலாகவே படித்தேன், புதிதாகவே அஞ்சினேன்.

என் கடிதங்களைத் தாங்கள் கட்டி வைத்திருப்பதை அறிவேன். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ எழுதியவற்றை எடுத்துப் பாருங்கள். இந்த நாவலைப் பற்றி முன்பே எழுதியிருந்தேனா? என்ன சொல்லியிருந்தேன்? அன்றும் அஞ்சினேனா, இல்லை, யாரோ ஒருவர் கதை என்று அமைதியாக மூடி வைத்தேனா? எழுதியதையே எழுதுகிறவன் ஆகிவிட்டேனா, தாங்கள்தான் மனம் நோகுமென்று இதுவரை சொல்லாமல் இருந்தீர்களா?

பள்ளிவாசலில் தொழுகையை முன்னின்று நடத்துபவர் ஓதுகையில் ஒரு சொல் தவறினால், பின்னால் நிற்பவர் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார் என்று தாங்கள் ஒருமுறை சொன்னீர்கள். எனக்கு இங்கே அப்படி ஒருவரும் இல்லை. எல்லாரும் என்னை மதிக்கிறார்கள்.

மகன் பாலகணேஷிடமும் இன்னும் சொல்லவில்லை. தங்கள் மறுமொழி கண்டு, அதன்பின் மருத்துவரிடம் போகலாம் என்றிருக்கிறேன். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

தாங்கள் தொழும் இறைவன் தங்கள் நினைவைக் குறைவின்றிக் காப்பானாக. நம் இருவருக்கும் அது ஒன்று போதும்.

தங்கள் அன்பை மறவாத,
சீனிச்சாமி