கண்ணுக்கு இரண்டு ஓட்டை

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று நீலத் துணியில் பதினாறு சட்டைக்குக் கை வெட்டினேன். மிச்சம் விழுந்தது முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி அளவுகூட இல்லை. தன்னாமுனையில் எங்கள் தையற்கூடத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம், வெட்டுகிற கை என் கை மட்டும்தான். கட்டுநாயக்கா கார்மென்ட் ஃபாக்டரியில் ஆறு வருடம் நின்றபடி பழகிய கை. தற்பெருமை என்றால் இருக்கட்டும், இது என் நாட்குறிப்புக் கொப்பி.

முதலாளி றிஸ்னா ஏறாவூரிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: கொழும்பு டிசைனர் தினிதியின் உடுப்புக் காட்சிக்கு நாங்கள்தான் தைக்கிறோம். பன்னிரண்டு உடுப்பு. ஒவ்வொரு லேபலிலும் வெட்டியவரின் பெயர் வருமாம். "வெட்டு: தனுஷா." ஆறு வருடமாக நான் வெட்டிய சட்டைகளில் எல்லாம் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பெயர்தான் இருந்தது.

பெப்ரவரி 12

பழுகாமத்துக்குக் கோல் எடுத்து அம்மாவிடம் சொன்னேன். பின்னேரத்துக்குள் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு வேலை மிச்சம்.

பெப்ரவரி 20, வியாழன்

தினிதி வரைந்த படங்கள் வந்துவிட்டன. காட்சியின் பெயர் "அறுவடை". உடுப்பெல்லாம் அழகு, ஆனால் எனக்குச் சவால் தொப்பிதான். முரட்டுச் சாக்குத் துணி, தலை முழுவதும் மூடித் தோளில் விழும், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வயலில் நிற்கும் வெருளியை நினைத்து வரைந்தாளாம். சாக்கில் வட்டமாக வெட்டினால் நூல் பிரிந்துவிடும். நான் பிரிய விடுவேனா?

பெப்ரவரி 21

சாம்பிள் முடிந்தது. ஒரு நூல் பிரியவில்லை. தலையில் போட்டுக்கொண்டு மெஷின் வரிசைக்குப் போனேன், பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் ஓவர்லொக் மெஷினில் இரத்தினம்மாக்கா. அவர் முன்னால் நின்று, எப்படி, நல்லா இருக்கா என்று தலையை ஆட்டினேன். இரண்டு தரம்.

துணி முடிந்தும் அவருடைய மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "கழட்டு" என்றார். "கழட்டு புள்ள. கழட்டு." பிறகு எழும்பி வாவிப் பக்கமாக நடந்து போய்விட்டார். செருப்புக்கூடப் போடவில்லை.

நான் என்ன செய்தேன்? பகிடிதானே விட்டேன்?

பெப்ரவரி 22

அக்காவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடித்த பிறகு சொன்னார்.

தொண்ணூறாம் ஆண்டு. ஆமிச் சுற்றிவளைப்பு. ஆண்களை மைதானத்தில் வரிசையாக விட்டு, ஒரு ஜீப்புக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்களாம். ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அக்காவின் கணவர் சாமித்தம்பி முன்னால் வந்தபோது அந்தச் சாக்கு ஆடியது.

"ரெண்டு தரம் ஆடினது. அவ்வளவுதான். அவர் பிறகு வரல்ல" என்றார். உள்ளே இருந்தது யாரென்று இன்றுவரை தெரியாதாம். "ஊருக்குள்ள ஆரக் கண்டாலும் முதல்ல கண்ணத்தான் பாப்பன். இன்னும் பாக்கிறன் புள்ள."

ஆளைக் காட்டிக்கொடுக்கும் அவனுக்குப் பெயர் தலையாட்டி. அந்தச் சொல் எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கோள் சொல்கிறவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்துவேன். எங்கிருந்து வந்த சொல் என்று ஒரு நாள் கேட்டதில்லை. சீ. என்ட கையால வெட்டி, என்ட தலையில போட்டு, அவட முன்னால போய் நிண்டு ஆட்டியிருக்கன்.

பெப்ரவரி 24, திங்கள்

நடந்ததைச் சொல்லி, தொப்பி வெட்டமாட்டேன் என்று றிஸ்னாவிடம் சொன்னேன். அவள் ஓடர்க் கொப்பியைப் புரட்டினாள். "வெட்டுறது ஒங்கட கை தனுஷா, நான் வற்புறுத்த மாட்டன். ஆனா இந்தக் காட்சி போனா போனதுதான்." அவளைக் குறை சொல்ல முடியாது.

நானே தினிதிக்குக் கோல் எடுத்தேன். தலையாட்டிக்குச் சிங்களத்தில் என்ன? கட்டுநாயக்கா போர்டிங்கில் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி வெருட்டும் சொல் ஞாபகம் வந்தது: கோணிபில்லா. சாக்குப் பேய். அதைச் சொன்னதும் சிரித்தாள். சின்ன வயதில் சோறு சாப்பிடாவிட்டால் அம்மா அதைச் சொல்லித்தான் வெருட்டுவாராம். நான் மைதானத்தில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு அவள் சொன்னது இது: அப்படியென்றால் அந்தத் தொப்பிக்கு இன்னும் அர்த்தம் கூடும், மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டாமா?

எனக்கு வந்ததே கோபம். மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்த, மறக்க முடியாதவளே உட்கார்ந்து தைக்க வேண்டுமா என்று கேட்டேன். என் சிங்களம் சரியோ பிழையோ, கேள்வி விளங்கியிருக்கும். தொப்பி இருந்தால் நான் வெட்டமாட்டேன், லேபலில் இருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

என்ட பேர். ஊருக்கெல்லாம் சொன்ன பேர்.

அழுதேன்தான். ஆனால் அதைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 25

லேபல் வந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள்.

பெப்ரவரி 27

தினிதியே கோல் எடுத்தாள். மாத்தறையில் இருக்கும் தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். தெற்கில் சிங்களப் பெடியன்களின் கிளர்ச்சி நடந்த எண்பத்தொன்பதில் அம்மாவின் அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார், சந்தியில் நிறுத்தப்பட்டாராம். அங்கேயும் ஒரு சாக்கு ஆடியிருக்கிறது. அந்த மாமாவின் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என்ன நடந்தது என்று இவள் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு அது விளையாட்டுச் சொல், அவளுக்குப் பேய்க்கதை. இரண்டு பேரும் விட்டது ஒரே பிழைதான்.

தொப்பி இல்லை என்றாள். தலைக்கு வேறு என்ன போடலாம் என்று என்னிடமே கேட்டாள். ஒன்றும் வேண்டாம், முகம் தெரியட்டும் என்றேன்.

மார்ச் 3

இரத்தினம்மாக்கா வேலைக்கு வந்தார். வந்ததும் அந்தச் சாம்பிளைக் கேட்டார். எரிக்க வைத்திருக்கிறேன் என்றேன். "நல்ல சாக்க எரிக்கிறதா?" என்று வாங்கி, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு ஓட்டைக்கும் ஒட்டுப் போட்டார். தன் மெஷினுக்குக் கீழே, பெடலுக்கு முன்னால் விரித்தார்.

"கால் துடைக்க ஆகும்."

மார்ச் 19

பன்னிரண்டும் முடிந்தது. என்னைப் போல் வெட்ட இந்த மாகாணத்தில் யார் இருக்கிறார்கள்? இருந்தால் வரட்டும்.

ஏப்ரல் 5, சனி

தினிதி காட்சியின் வீடியோவையும் ஒரு லேபலையும் அனுப்பியிருக்கிறாள். லேபலில் இரண்டு வரி.

தைப்பு: இரத்தினம்மா சாமித்தம்பி
வெட்டு: தனுஷா

என் பெயர் இரண்டாவது. அப்படிப் போடச் சொன்னது நான்தான், அதிலும் எனக்குப் பெருமைதான். கணவரின் பெயரைச் சேர்க்கச் சொன்னது அக்கா. "மரணச் சான்றிதழே தரல்ல, ஒரு கடதாசியிலயும் அவர் பேர் இல்ல. இதிலயாவது கிடக்கட்டும்."

வீடியோவைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டார். நான் வெட்டிய கையையும் கழுத்தையும் அவர் பார்க்கவே இல்லை. நடந்து வரும் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் பார்த்தார், பன்னிரண்டு பேருடையதும்.

"எல்லாற்ற முகமும் வடிவாத் தெரியுது புள்ள" என்றார். போனை என் கையில் தந்துவிட்டு மெஷினுக்குப் போய், சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு, பெடலை மிதித்தார்.