கொண்டை ஊசி வளைவும் அம்மாவின் கமெண்டும்

போடிநாயக்கனூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நலம். உடம்பு என்று தனியாகச் சொன்ன காரணம் பின்னால் வருகிறது. புனேயில் மழை விட்டதா, பேரனுக்குச் சளி குறைந்ததா என்று எழுது. என் போன் ஒரு வாரமாக அம்மா கையில் இருப்பதால் நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம் தோட்டத்து ஏலக்காய்க்காக நீ தொடங்கிக் கொடுத்த பேஸ்புக் பக்கத்தில் மழை அளவு, காயின் நிறம், ஏல விலை எல்லாம் தவறாமல் போட்டு வந்தேன். நீயும் மாப்பிள்ளையும் ராசிங்காபுரம் சித்தப்பாவும் படித்தீர்கள். ஆபீஸ் அறிக்கை மாதிரி இருக்குப்பா, கதையாச் சொல்லுங்க, அதுல மனுசங்க வரணும், நடந்ததா இருக்கணும் என்றாய். எனக்குக் கற்பனை வராது. நடந்ததில் மனிதரும் மலையும் சேர்ந்து வருவதாக ஒன்றுதான் நினைவில் இருந்தது. கல்யாணமான புதிதில் அம்மாவைப் போடிமெட்டுக்கு ஜீப்பில் கூட்டிப்போனபோது அவள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததையும், கடைசி வளைவில் அது நான் கேட்காமல் எடுத்து வந்திருந்த உன் தாத்தாவின் புதுத் துண்டில் விழுந்ததையும் எழுதினேன். ஆதாரம் வேண்டுமே என்று, ஜீப்பு நின்ற இடங்களுக்கெல்லாம் மறுபடி போய்ப் படம் எடுத்துச் சேர்த்தேன். அது கொஞ்சம் அதிகம் என்று இப்போது படுகிறது.

பதிவு எங்கெங்கோ போய்விட்டது. காய்க்கு ஆர்டர் குவிகிறது என்று நீ சந்தோஷப்பட்டாய். இங்கே பஸ் ஸ்டாண்டில் ஜீப்பு ஓட்டும் வெள்ளைத்துரை எல்லார் முன்னிலும் அம்மாவிடம், ஆத்தா, முன்சீட்டுல உக்காருங்க, துண்டு வேணும்னா இப்பவே சொல்லிப்பிடுங்க என்றிருக்கிறான். அம்மா ஏறாமல் திரும்பி வந்து என் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு வைக்கிறாள், கூப்பிடுவதில்லை. தட்டுச் சத்தம் கேட்டு நானாகப் போய் உட்காருகிறேன். சில நேரம் அது அடுத்த வீட்டுத் தட்டு. ஏலத்துக்கு மாதிரிக் காய் எடுக்கும்போது வெடித்த காயைத் தட்டில் வைக்க மாட்டோம், அது வீட்டுத் தேநீருக்கு ஆகும். காயில் தெரிந்த இந்த விஷயம் எனக்குக் கதையில் தெரியாமல் போய்விட்டது. அந்தப் பதிவை நீ அங்கிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இவ்வளவு எழுதியபோது வெள்ளைத்துரை செருப்போடு நூலகத்துக்குள்ளேயே வந்துவிட்டான். அண்ணே, ஆத்தா என்ன போடு போடுதுன்னு பாருங்கண்ணே என்று தன் போனை நீட்டினான். பதிவின் கீழே பெண்கள் பலர் தங்கள் வாந்திக் கதைகளை எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு அம்மா என் போனிலிருந்தே, வெறும் வயித்தோட மலையேறாத தாயி, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே போ என்று பதில் போட்டிருக்கிறாள். துண்டு என்ன ஆச்சு என்று கேட்டவருக்கு, மாமனாருக்குத் தெரியாம அதை ஓடையில அலசிக் கொண்டாந்தது இந்த மனுசன்தான், அதை மட்டும் எழுதாம விட்டுட்டாரு பாருங்க என்று எழுதியிருக்கிறாள். அது கதைக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து விட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, சற்று முன் போட்டது: அந்த மனுசனை யாராவது பாத்தா, சோறு ஆறுதுன்னு சொல்லிவிடுங்க. முகம் தெரியாத பலர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். வெரசாக் கெளம்புங்கண்ணே என்று வெள்ளைத்துரை வாசலில் நிற்கிறான்.

ஆகையால் பதிவை எடுக்க வேண்டாம். இனி எதைப் போடுவது, எதை விடுவது என்று அம்மாவையே கேட்டுக்கொள். மழை அளவை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். பேரனை ஈரத் தலையோடு பள்ளிக்கு அனுப்பாதே. இன்னொன்று, அம்மாவின் அந்தக் கடைசி வரிக்கு நீ பதில் ஏதும் போட்டுவிடாதே. நான் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் நலம் கோரும் அப்பா,
முத்துக்கிருஷ்ணன்