செல்வின், உன் படலம் கிழிந்துவிட்டது

அன்பு மச்சான் செல்வினுக்கு,

நீ இல்லாமல் ஒரு கோடை போய்விட்டது. முடிச்சூர் வீட்டில் எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது உன் தங்கை பியூலா இன்னும் உன்னையும் சேர்த்துத்தான் அவசரப்படுத்துகிறாள். பழக்கம், என்ன செய்வது.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நல்லதா கெட்டதா என்று நீயே முடிவு செய்துகொள்.

வெள்ளத்துக்குப் பயந்து மொட்டை மாடிக்கு ஏறிய அதே வீட்டில், சில வருஷம் கழித்துத் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்தோமே, அப்போதுதான் உனக்கு அந்த யோசனை பிடித்தது. ஏரியின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படலம் விரித்தால், வெயிலுக்குப் போகிற தண்ணீர் கொஞ்சமாவது மிஞ்சும் என்றாய். முகத்துக்குப் பூசும் க்ரீமில் இருக்கிற மெழுகு மாதிரியான பொருள்தான். அதன் மூலக்கூறுகள் தலையைத் தண்ணீரில் வைத்து, வாலை மேலே நீட்டி, காலை நேரத் தாம்பரம் ரயிலில் ஆட்கள் நிற்பதுபோல நெருக்கியடித்து நிற்கும். நடுவில் புகுந்து ஆவியாகத் தண்ணீருக்கு வழி இருக்காது.

ஏரியில் கொட்டிப் பார்க்க யார் விடுவார்கள்? அதனால் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னப் பெட்டித் தண்ணீரும் அதன் மேல் ஒரு படலமும் செய்தாய். ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் இருப்பதை எப்படி இழுக்கிறது, எப்படித் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு நகர்த்திப் பார்த்தாய். நாவலூர் சாப்ட்வேர் ஆபீஸ் வேலைக்கு நடுவே அந்தக் கணக்கை வேகமாக ஓடவைத்துக் கொடுத்தது மட்டும்தான் என் பங்கு. காற்று இழுப்பதுபோல இழுத்துப் பார்த்தும் படலம் அப்படியே நின்றது. பியூலாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, "பாரு, கிழியலை" என்றாய். உன் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. நிஜப் படலம் விரித்துப் பார்க்கப் பல்லாவரம் சந்தையில் பழைய மீன்தொட்டி ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தாய். பேச்சை நிறுத்தி, "கொஞ்சம் உட்காரணும்டா" என்றாய். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கும்போதே நீ போய்விட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரொம்ப வலித்ததா, மச்சான்?

சில மாதம் கழித்து உன் ஆராய்ச்சி மாணவி கவிதா வீட்டுக்கு வந்தாள். கொடுத்த காபியைத் தொடாமல் வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். உன் பெட்டியை விடப் பல மடங்கு பெரிய பெட்டியில் அதே கணக்கை ஓடவிட்டிருக்கிறாள். இழுத்ததும் படலத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, தண்ணீர் அந்த வழியாகப் போய்விட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் அதேதான். உன் சின்னப் பெட்டியில் படலம் கிழிய இடமே இருந்திருக்கவில்லை.

கூடப் படிப்பவர்கள், ஓட்டை விழுமுன்னே நிறுத்திவிட்டு சார் சொன்னதையே எழுதிவிடு என்று அவளிடம் சொன்னார்களாம். அதில் அவளுக்கு மனசில்லை.

"சாரோட பேரை எடுத்துடட்டுமா?" என்று எங்களைக் கேட்டாள். "அவர் சொன்னது தப்புன்னு அவர் பேர் போட்டே எப்படி வெளியிடுறது?"

கிழியாத அந்தப் படலம்தானே எங்களுக்கு மிஞ்சிய நீ. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பியூலாதான் காட்டச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து கவிதா காட்டினாள். ஓட்டை விழுகிற இடத்தை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள் உன் தங்கை. பிறகு சொன்னாள்:

"அண்ணன் இருந்திருந்தா முதல்ல உன்கூட பெருசா சண்டை போட்டிருப்பான். கோபம் அடங்கினதும் அவனே உட்கார்ந்து எழுதியிருப்பான். நீ எழுதும்மா. பேரை எடுக்காதே."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை.

போன மாதம் ஒரு கருத்தரங்கில் கவிதா அதைப் பேசினாள். உன் பேர்தான் முதலில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பேராசிரியர் எழுந்து, உங்கள் குழு முன்பு இதற்கு நேர்மாறாகச் சொன்னதே, யார் தவறு என்று கேட்டார். அவள் தயங்கவில்லை.

"பதில்தான் தப்பு, சார். கேள்வி செல்வின் சாரோடது. அது தப்பில்லை."

பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்காக நாங்கள் நிம்மதியாக அழுதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அங்கேயே ஒருவர் வந்து, இரண்டு பொருளைக் கலந்து விரித்தால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளுமா என்று கவிதாவிடம் பேசினார். இப்போது அதை ஆரம்பித்திருக்கிறாள். ஓடவைக்கிற வேலை மறுபடி என்னிடம். இந்தப் படலமாவது நிற்குமா? தெரியவில்லை. நிற்கவேண்டும் என்று ஆசை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனிமேல் எந்தப் பெட்டி செய்தாலும், படலம் கிழிவதற்கு இடம் விட்டே செய்வோம். நின்றால் நின்றது என்று உன் கல்லறைக்கு வந்து சொல்கிறேன். கிழிந்தாலும் வருவேன்.

உன் தங்கையின் வீட்டுக்காரன்,
என்றைக்கும் உன் மச்சான்,
டேவிட்