மூன்று வரிச் சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினொரு செயற்கைப் பல். அதில் நான்கு ஒரே வாய்க்கு. செராமிக் பூசிச் சூளையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் முதுகு நிமிர மாட்டேன் என்கிறது.

மதியம் ஓனர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கம்ப்யூட்டரிலேயே பல்லை வடிவமைக்கிற மெஷின் எங்கள் லேபுக்கு வருகிறதாம். பாடம் போனில் வரும். தினம் பத்து நிமிஷம், வேலைக்கு நடுவில் முடிந்தபோது பார்த்துக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து மதிப்பெண்ணில் முதலில் நிற்பவருக்கு அந்த மெஷின். தூசி இல்லாத தனி அறை. பன்னிரண்டு வருஷமாகப் பல் தூளை மூச்சில் இழுக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

வழக்கம்போல மெழுகுக்காரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பக்கத்து மேஜையில் மெழுகில் பல் செதுக்குகிறவள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இங்கே யார் பேசினாலும் நான்தான் அவளுக்கு எழுதிக் காட்டுவேன். விரல்களைக் குவித்துத் திறந்து மூடினால் அது என் பெயர். வாயாடி என்று அர்த்தம். வைத்தது அவள்தான்.

மார்ச் 7, வெள்ளி

பாடம் ஓடியது. குக்கரும் விசில் அடித்தது. அத்தை "என் கண்ணாடி எங்கே" என்று மூன்று தடவை கேட்டார். பாட முடிவில் வந்த கேள்விகளுக்கு மனம்போன போக்கில் தட்டினேன். பத்துக்கு நான்கு.

மார்ச் 12, புதன்

போன் பாடத்தில் கீழே எழுத்து ஓடுகிறது. வாத்தியார் பேசுவது அத்தனையும், ஒரு வார்த்தை விடாமல். மெழுகுக்காரி பதினான்காம் பாடத்தில் இருக்கிறாள். நான் ஐந்தில்.

அது போகட்டும். அவள் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை. முன்பெல்லாம் யாராவது வாயைத் திறந்தால் என் முழங்கையை இடிப்பாள், என்ன என்று. இந்த வாரம் ஒரு இடிகூட இல்லை. டீ குடிக்கிறபோதும் போன்தான். தானாகச் சிரித்துக்கொள்கிறாள்.

வீட்டில் சொன்னேன். "நல்லதுதானே, உனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் கணவர்.

நல்லதுதான். யாரு இல்லேன்னா? ஒரு போன்மேல போய்ப் பொறாமைப்படுறேன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க.

மார்ச் 19, புதன்

கதவில் பட்டியல் ஒட்டினார்கள். மெழுகுக்காரி முதலாவது. நான் ஆறாவது. ஓனர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை.

பிளாஸ்டர் அச்சு ஊற்றுகிற அண்ணன் என் பக்கம் குனிந்து, "என்னம்மா, கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்த ஆளு உன்னையே தாண்டிப் போயிடுச்சே" என்றார். சிரித்து வைத்தேன். வயிற்றெரிச்சல் என்றால் சும்மா வாய்ப்பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகவே எரிகிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அவளுக்கு மாமியார் இல்லை, குக்கர் இல்லை, வீட்டில் கேட்க ஆள் இல்லை. நேரம் இருக்கிறது, படிக்கிறாள். நான்கு ஆள் வேலையை நான் ஒருத்தி பார்த்துக்கொண்டு— சரி. அவள் பஸ்ஸில் நின்றபடி படிக்கிறாள். நானும் பஸ்ஸில்தான் வருகிறேன். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

மெஷின் கம்பெனியிலிருந்து பயிற்சியாளர் நேரில் வந்தார். நேரில் பேசினால் கீழே எழுத்து ஓடாதே. "நீ பக்கத்துல உக்காந்து எழுதிக் குடும்மா" என்றார் ஓனர். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. வா, இப்ப வா என்று மனசுக்குள் ஒரு குதிப்பு.

நாற்பது நிமிஷம் பேசினார். நான் எழுதியது மூன்று வரி. 'அளவு சரியாக எடுக்கணும். மெஷினைச் சுத்தமாக வைக்கணும். மற்றது தெரிந்ததுதான்.'

அவள் சீட்டை வாங்கினாள். தன் போனை மேஜையிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பினாள். பேசப் பேச எழுதிக்கொள்ளும் ஏதோ ஒன்றை அதில் ஓடவிட்டிருக்கிறாள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவர் சொன்ன ஜோக்கும்கூட இருந்தது.

என் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினாள்: 'எப்பவும் இப்படித்தானா?'

இருமல் வந்த மாதிரி எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 25

எப்பவும் இல்லை. பெரும்பாலும்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

ஆறு வருஷம் முன்பு ஓனர் இதே மாதிரி எல்லோரையும் நிறுத்தி, செராமிக் வகுப்புக்கு ஒரு ஆள் வேண்டும், விருப்பமிருப்பவர் பெயர் கொடுங்கள் என்றார். அவள் முழங்கையை இடித்தாள். நான் எழுதியது: 'சுத்தத்தைப் பற்றிச் சொல்கிறார்.'

அவள் கைவேலை என் வேலையைவிடச் சுத்தம். எல்லோருக்கும் தெரியும். வகுப்புக்குப் போனது நான். சம்பளம் கூடியது எனக்கு. அவளை உடனிருந்து பார்த்துக்கொள்கிற நல்லவள் என்று பெயர் வாங்கியதும் நான்தான்.

ச்சே. என்ன ஜென்மம்டி நீ.

ஏப்ரல் 4, வெள்ளி

அதை அப்படியே சீட்டில் எழுதி அவள் மேஜையில் வைத்தேன். படித்தாள். இரண்டாக மடித்தாள். ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு மெழுகுக் கத்தியை எடுத்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றும் அவளிடமிருந்து சீட்டு இல்லை.

ஏப்ரல் 16, புதன்

மெஷின் அவளுக்கு. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குக் கேட்காது என்பது நினைவு வந்து ஓனர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். உடனே எல்லோரும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கே தோன்றாத ஒன்று அந்த மனுஷருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கும் பொறாமை.

தனி அறைக்குப் போய்விட்டாள். கண்ணாடி வழியாக முதுகு தெரிகிறது. என் பக்கத்து மேஜை காலி.

நான் நான்காவது. கடைசி இரண்டு வாரம் பஸ்ஸில் ஒழுங்காகப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அத்தைக்குக் கண் ஆபரேஷன். லீவு. லேபில் இன்று ஏதோ கூட்டமாம். எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்.

ஏப்ரல் 23, புதன்

என் மேஜையில், சூளைக்குப் பக்கத்தில், ஆறு பக்கம். பின் அடித்து வைத்திருந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி. (இதுவும் என்னைவிட நன்றாக இருக்கிறது.)

நேற்றைய கூட்டம் முழுவதும். மணி போட்டு எழுதியிருக்கிறாள். 10:05, ஓனர் வந்தார். 10:07, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். 10:20, ஒரு ஜோக் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

நான்காம் பக்கத்தில்: '10:31. உன் பெயர் வந்தது. பிளாஸ்டர் அண்ணன், "அதுக்கு வாய்தான் ஓடும், வேலை ஓடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.'

நானாக இருந்தால் இந்த வரியை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆறாம் பக்கத்தின் கடைசியில், அடியில் இரண்டு கோடு போட்டு: '10:44. அடுத்த மாதம் இரண்டாவது மெஷின் வருகிறது. என் அறையில் வைப்பார்கள். ஒரு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.'

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரும்பவில்லை. மெஷினைப் பார்த்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கி, விரல்களைக் குவித்து, திறந்து மூடினாள்.