பதக்கம் கட்டிய கல்

இன்று அமாவாசை. கல்லுக்குச் சந்தனம் பூசும்போது பதக்கத்தின் நாடா விரலில் பட்டது. பத்து நாளாக மழையே இல்லை. நாடா மட்டும் ஈரமாக இருந்தது. உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. ஆனாலும் இன்று இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியாது.

பர்மாச் சண்டையில் விழுந்துவிட்டீர்கள் என்று கடிதம் வந்தது. பிறகு சேலத்தில் கலெக்டர் கையால் அந்த வீரப் பதக்கத்தை வாங்கினேன். சண்டையில் உயிர்விட்ட பட்டவனுக்குக் காட்டோரம் கல் நடுவது நம் வழக்கம். உங்கள் அம்மா கல் நட்டு, சேவல் அறுத்து, பதக்கத்தை அதில் கட்டிவிட்டார். என் தாலியும் அன்றே இறங்கியது.

இரண்டு வருடம் கழித்து, உச்சி வெயிலில், கடலைக்காட்டு வழியே நீங்கள் நடந்து வந்தீர்கள். ஜப்பான்காரன் சிறையில் எலும்பும் தோலுமாகி இருந்தீர்கள். நேராகக் கல்லிடம் போய்க் குந்தி, சந்தனத்தை மோந்து பார்த்தீர்கள்.

"நட்ட கல்லப் புடுங்கப்படாது சாமி. பூசை ஏத்துக்கிச்சு" என்றார் உங்கள் அம்மா.

"இருக்கட்டும். இந்தப் பதக்கத்துக்காரன் பர்மாவுலயேதான் கெடக்கறான்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அமாவாசைதோறும் கல்லுக்கு முதல் இலை, உங்களுக்கு இரண்டாவது. "அவனுக்குப் போட்டாச்சா?" என்று கேட்ட பிறகே சோற்றில் கை வைப்பீர்கள். கல்லின் சோற்றைக் காக்கை தொடாத நாளில் நீங்களும் பட்டினி.

ஒருநாள் மஞ்சள் கயிற்றோடு வந்தீர்கள். "நாந்தான்னு உனக்குத் தெரியுதா? தெரிஞ்சா குனி, கட்டறேன்."

"ஆருன்னு தெரியலீங்க" என்றேன். அன்றே தோட்டத்துச் சாளைக் குடிசைக்குத் தனியாகக் குடிபோனீர்கள்.

பொய். கடலைக்காட்டில் நடையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் கல்லின் திருநீற்றை என் கையால் வாங்க ஆட்டையாம்பட்டியிலிருந்தெல்லாம் சனம் வந்துகொண்டிருந்தது. பட்டவன் பெண்சாதி என்று பெரிய மனிதர்களே எனக்கு வழிவிட்டார்கள். உங்களுக்குக் குனிந்தால் அத்தனையும் போய்விடும். பாவி, விட மனம் வரவில்லை.

போன ஆடியில் காய்ச்சலில் போனீர்கள். ஒருத்தனுக்கு இரண்டு கருமாதி இல்லை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். தாலி இறக்க யாரும் வரவில்லை. இறக்க என் கழுத்தில் ஒன்றுமில்லை. சாளை வாசலில் நான் மட்டும் அழுதேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரி, "ஆருக்கு இப்படி அழுவறே?" என்று கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரருக்குங்க" என்றேன்.

நீங்கள் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியது அதுதான். இப்போது ஆளில்லாத சாளை வாசலில் தினமும் சொல்கிறேன்.