ஏழாம் எண் அறையின் குறை நோட்டு

மார்ச் 3
எதிரே கண்ணாடி விடுதி திறந்து இன்றோடு ஒரு வருடம். அவர்கள் கதவு தானாகத் திறக்கிறது. எங்கள் கதவை ஓர் ஆள் திறந்து, "வாங்க, பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்கிறார். தொழில்நுட்பத்தில் நாங்கள் பின்தங்கித்தான் இருக்கிறோம்.

மார்ச் 5
மைத்துனர் வீட்டில் குழாய் வெடித்து, தரையைப் பெயர்க்கிறார்கள். மனைவி மக்களைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு பெட்டியோடு இங்கே வந்துவிட்டார். ஏழாம் எண் அறை. இந்த விடுதியை இடித்துவிட்டுக் கண்ணாடியில் கட்ட வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சொல்பவர், தங்குவதற்கு இதைத்தான் நம்புகிறார்.

"தப்பா எடுத்துக்காதக்கா," என்றார் என் மனைவியிடம். "இருபதாம் தேதி அம்மா வர்றாங்க. இடிக்கிறதா வேணாமான்னு அன்னிக்கே முடிவு. இங்க இருக்கிற ஓட்டையெல்லாம் எழுதிக் காட்டப் போறேன்."

"எழுதுடா. கையெழுத்தாவது தேறட்டும்."

கட்டடம் மாமியார் பெயரில். நடத்துவது நாங்கள், இருபத்தாறு வருடமாக. அவர் தலையசைத்தால் பத்தொன்பது அறையும் செங்கல்.

மார்ச் 6
பயமாகத்தான் இருக்கிறது. இடிச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்? கதவுக் கீல் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரியும் — யாருக்கு வேணும் அது?

மார்ச் 8
மைத்துனர் தன் புகார்களை எங்கே எழுதுகிறார் என்று இன்று தெரிந்தது. மேசையில் கிடந்த நோட்டில்!

அது அறைக்கு ஒன்றாக நாங்கள் வைக்கும் குறை நோட்டு. விருந்தினர் எழுதியதை மறுநாள் நண்பகலுக்குள் சரிசெய்து, பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' என்று எழுத வேண்டும். யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று கேட்கக் கூடாது. சொந்தக்காரர்தானே என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

அறைகளைக் கவனிக்கும் பெண்மணிக்கு இங்கே ஹெட்மாஸ்டர் என்று பெயர். நான்கு குற்றச்சாட்டு, நான்கு 'சரி'. அலமாரி கிறீச்சிடவில்லை, குழாய் சொட்டவில்லை, கொக்கி ஆடவில்லை, கண்ணாடியில் புள்ளியைக் காணோம்.

மைத்துனர் கீழே பாய்ந்து வந்தார். "என் நோட்டுல யாரு கைவெச்சது?"

"எழுதினீங்க, செஞ்சோம்," என்றார் ஹெட்மாஸ்டர். "வேற ஏதாவது இருக்கா தம்பி?"

"உங்களால முடியாததா எழுதுறேன், பாருங்க!"

மார்ச் 12
'தலையணை ஒன்று போதவில்லை, இரண்டு அதிகம்.' ஹெட்மாஸ்டர் ஒன்றரைத் தலையணை தைத்தார். சரி.

மார்ச் 14
'பல்லி.' சரி. எப்படி என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 17
'இந்த விடுதி பழசு.'

எல்லோரும் வரவேற்பு மேசையைச் சுற்றி நின்று படித்தோம். எங்கள் தச்சர் தலையைச் சொறிந்தார். ஹெட்மாஸ்டர் பேனா மூடியைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தார். நண்பகலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதினார்: 'துடைத்தாச்சு.'

மார்ச் 20
மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"டேய், வெடிச்சுதே உன் வீட்டுக் குழாய், அது எத்தனை நாளா ஒழுகிக்கிட்டு இருந்துச்சு?"

"ரெண்டு வருஷமாம்மா."

"இங்க ஒழுகினது?"

மைத்துனர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒரு நாள்."

"அப்ப இடிக்க வேண்டியது உன் வீட்டைத்தான்," என்று நோட்டை மூடினார் மாமியார். "சாப்பாடு ஆச்சா?"

மார்ச் 21
தூங்கினேன்.

மார்ச் 29
மைத்துனர் மனைவி போன் செய்தாள். "அண்ணா, வீட்டு வேலை முடிஞ்சு ஒரு வாரமாச்சு. இவர் எப்பதான் வருவார்?"

ஏழாம் எண்ணுக்குப் போனேன். மைத்துனர் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "ஏதாவது ஒண்ணு இருக்கும் அத்தான்," என்றார் உள்ளேயிருந்து.

மார்ச் 30
கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்: 'என் வீட்டில் இப்படி ஒரு நோட்டு இல்லை.'

நண்பகலில் விடைபெற்றார். அவர் பெட்டியில், மடித்த சட்டைகளுக்கு மேல், ஒரு புது நோட்டும் ஒரு சிவப்புப் பேனாவும் இருந்தன.

சரி.